நூலின் நுனியைக் காப்பவர் யார்?

அப்பம் சுடுவதற்கு முதல்நாளிரவு மாவைக் கரைத்து வைக்கும் இல்லத்தரசியர் யாவரும் அறிந்த செய்தியொன்றுண்டு. கரைத்த மாவுடன் சிறிது கள்ளைச் சேர்த்து மூடிவைத்தால், பொழுது புலர்வதற்குள் மா பொங்கி நுரைத்துச் சட்டியின் விளிம்பைத் தொட்டு நிற்கும். கள் கிடையாத பட்டினங்களிலே கடையில் வாங்கிய ஈஸ்ற் அந்த வேலையைச் செய்கிறது. பேக்கரியிலே பாண் மா உப்புவதும் அதனாலேயே. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, வாயுவை வெளிவிட்டு, மாவைப் பொங்கச் செய்யும் இச்சிற்றுயிரை நம் பாடநூல்கள் மதுவம் என்று வழங்குகின்றன.

ஒரே ஒரு கலத்தாலான உயிர் மதுவம். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. இருநூறு மதுவக் கலங்களை வரிசையாக அடுக்கினாற்றான் ஒரு மில்லிமீற்றர் நீளம் தேறும். வெறுங் கண்ணுக்குப் புலனாகாத இந்த அற்ப உயிரிடம் நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறதென்று வாசகர்கள் வினவலாம். முதுமை, புற்றுநோய் என்னும் இரண்டுக்கும் பின்னால் மறைந்து நிற்கும் ஒரு கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இந்தச் சிற்றுயிரிடமிருந்தே கிடைத்தது. அந்தக் கதையையே இவ்வாரம் கூற எண்ணுகிறேன். நீண்ட ஆயுளைப் போத்தலில் அடைத்து விற்க முற்படுவோர் பெருகிவிட்ட இந்நாளிலே இதனை அறிந்து வைத்திருப்பது குடும்பத்தார் யாவர்க்கும் பயன்படும்.

கயிறும் பையனும்

மதுவக் கலத்தின் நடுவே கரு ஒன்றுண்டு. அக்கருவினுள்ளே அவ்வுயிரின் பரம்பரைச் செய்தி முழுவதும் டீ.என்.ஏ. என்னும் இரட்டை இழை நூலாக அமைந்திருக்கிறது. நான்கே நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்ட மிக நீண்ட ஓலை என்று இதனைக் கருதிக்கொள்ளலாம். மதுவத்தில் இவ்வெழுத்துக்கள் ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம். நூல்கள் யாவற்றையும் நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 4 மில்லிமீற்றர் வரும். இவை 16 துண்டுகளாகப் பிரிந்துள்ளன. துண்டு ஒவ்வொன்றும் ஒரு நிறமூர்த்தம். நிறமூர்த்தமொன்றுக்கு இரண்டு முனைகளாக, மொத்தம் 32 முனைகள். நம் உடலின் ஒவ்வொரு கலத்திலும் நிறமூர்த்தங்கள் 46, முனைகள் 92.

நூலென்றால் அதற்கு நுனி இருப்பது இயல்பே. அதில் வியப்பென்ன என்று தோன்றும். ஆனால் கலத்தைப் பொறுத்தவரை நுனி என்பது பெரும் ஆபத்து. ஏனென்று பார்ப்போம்.

கிணற்றடியில் ஒரு பையனை நிறுத்தி, "அறுந்த கயிற்றை எங்கே கண்டாலும் உடனே முடிந்துவிடு" என்று சொல்லிவிட்டு நாம் வெளியே போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பையன் மிக விசுவாசமானவன். ஆனால் அறுந்த நுனிக்கும் இயல்பான நுனிக்கும் வேற்றுமை அறியாதவன். மாலையில் நாம் திரும்பும்போது கிணற்றுக் கயிற்றையும், மாட்டுக் கயிற்றையும், சேலை உலர்த்தும் கொடியையும் ஒன்றோடொன்று முடிந்துவிட்டு, "எல்லாவற்றையும் திருத்திவிட்டேன்" என்று பெருமையோடு நிற்பான். நீர் இறைக்கவும் வழியில்லை. மாட்டைக் கட்டவும் வழியில்லை.

கலத்தினுள்ளும் இத்தகைய பையன்கள் உண்டு. டீ.என்.ஏ. நூல் எங்கேனும் அறுந்துவிட்டால் அதனைக் கண்டுபிடித்து ஒட்டுவதற்கென்றே சில புரதங்கள் ஓயாது காவல் திரிகின்றன. அவை இல்லாவிடின் உயிர் நிலைபெறாது. நூல் அறுந்திருக்கையில் கலம் பிரியத் தொடங்கினால் பரம்பரைச் செய்தியில் ஒரு பகுதி தொலைந்துபோகும். ஆதலின் பழுது தீரும்வரை கலப்பிரிவை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் உண்டு. அப்படியாயின், 32 இயல்பான நுனிகளைக் கண்டும் இப்புரதங்கள் வாளாவிருப்பது எங்ஙனம்? நுனியையும் அறுந்த இடத்தையும் கலம் எவ்வாறு வேறுபிரித்து அறிகிறது? இதுவே நம் கேள்வி.

ஈயும் சோளமும் கண்ட உண்மை

இக்கேள்வியை முதலிற் கிளப்பியது மதுவம் அன்று. அமெரிக்க விஞ்ஞானி ஹேர்மன் முல்லர் பழ ஈக்களின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அவற்றின் நிறமூர்த்தங்களை உடைத்து ஆராய்ந்தவர். உடைந்த துண்டுகள் பலவாறு மாறி ஒட்டிக்கொண்டன. ஆயினும் இயற்கையான முனைகள் மட்டும் எதனோடும் ஒட்டாமல் தனித்தே நின்றன. முனையிலே ஏதோ ஒரு சிறப்பு அமைப்பு இருக்கவேண்டுமென்று உணர்ந்த அவர், 1938இல் அதற்கு ரெலோமியர் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியிலே கடைசிப் பகுதி என்பது அதன் பொருள்.

ஏறக்குறைய அதே காலத்திலே பார்பரா மக்ளின்ரொக் என்னும் அம்மையார் சோளப் பயிரிலே இதன் மறுபக்கத்தைக் கண்டார். உடைந்த முனைகளையுடைய நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கலம் பிரிகையில் அவை இரு பக்கமும் இழுபட்டு மீண்டும் அறுந்தன. அறுந்தவை மீண்டும் ஒட்டின. ஒட்டுவதும் அறுவதுமாகக் கலத்தின் பரம்பரைச் செய்தி தலைமுறைக்குத் தலைமுறை சீர்குலைந்தது. காப்பற்ற நுனி கலத்தையே கெடுத்துவிடும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

முனைக்கு இரண்டாவது தொல்லையும் உண்டு. கலம் பிரியுமுன் நூலுக்குப் பிரதியெடுக்கப்படுகிறது. பிரதியெடுக்கும் நொதியத்தால் நூலின் கடைசி எழுத்துவரை முற்றாகப் பிரதியெடுக்க இயலாது. சுவரோரம்வரை ஏரை ஓட்ட முடியாத உழவனைப் போல, ஒவ்வொரு முறையும் ஓரத்திலே சிறிது விடுபட்டுப் போகும். ருசிய விஞ்ஞானி அலெக்சி ஒலோவ்னிக்கோவ் 1971இலும், அமெரிக்கரான ஜேம்ஸ் வாற்சன் 1972இலும் இச்சிக்கலை எடுத்துக்காட்டினர். தலைமுறைதோறும் நுனி தேய்ந்துகொண்டே போனால், கோடானுகோடி தலைமுறைகளாக உயிர்கள் நிலைத்திருப்பது எவ்வாறு?

ஆகவே முனைக்கு வேண்டுவன இரண்டு. அறுந்த இடமென்று கருதப்படாதவாறு அதனை மறைத்துக் காக்கவேண்டும். தேய்ந்த அளவை மீண்டும் நீட்டவும் வேண்டும். காவலும் வளர்ப்பும் ஒருங்கே நடைபெறவேண்டும்.

குளத்து உயிரும் மதுவமும் கூட்டுச் சேர்ந்தன

1978இல் எலிசபெத் பிளாக்பேர்ண் அம்மையாரும் ஜோசப் கோல் என்பாரும், குளத்து நீரில் வாழும் ரெற்றாகைமினா என்னும் ஒரு கல உயிரின் முனைகளை வாசித்தனர். ஆங்கே ஆறெழுத்துச் சொல்லொன்று ஜபம் பண்ணுவதுபோல மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருந்தது. எந்தப் புரதத்தையும் ஆக்குவதற்கான செய்தி அதில் இல்லை. அது வெறும் முனையே.

மதுவத்தோடு பாடுபட்டுக்கொண்டிருந்தவர் ஜாக் சொஸ்ராக். மதுவக் கலத்தினுள்ளே நேரான டீ.என்.ஏ. துண்டொன்றைப் புகுத்தினால் அதன் நுனிகளைக் கலம் அறுந்த நுனிகளாகவே கருதும். அத்துண்டு அந்த வடிவில் நிலைபெறாது. 1980இல் ஒரு மகாநாட்டிலே இவ்விருவரும் சந்தித்து உரையாடியபோது விசித்திரமான ஒரு யோசனை உதயமாயிற்று. ரெற்றாகைமினாவின் முனையை வெட்டி மதுவத்தின் துண்டிலே ஒட்டிவிட்டால் என்ன?

குளத்து உயிருக்கும் மதுவத்துக்கும் உறவு மிகத் தூரம். ஒன்றின் முனையை மற்றது ஏற்குமென்று எதிர்பார்க்க நியாயமில்லை. ஆயினும் ஏற்றது! ஒட்டிய துண்டு மதுவத்தினுள்ளே நேரான நூலாகவே நிலைபெற்றது. 1982இல் வெளியான இம்முடிவு, முனை காக்கும் முறை மிகப் பழைமையானது, வேறுபட்ட உயிர்களுக்கும் பொதுவானது என்பதை உணர்த்திற்று. அன்றியும், அந்நிய முனையின்மேல் மதுவம் தன்னுடைய எழுத்துக்களைத் தானே சேர்த்து எழுதியிருந்ததும் பின்னர் தெரியவந்தது. நுனியை நீட்டும் நொதியம் ஏதோ ஒன்று உண்டென்பதற்கு அது சான்றாயிற்று.

அந்த நொதியத்தை முதலிற் கண்டவர் பிளாக்பேர்ண் அம்மையாரின் மாணவி கரோல் கிறைடர். 1984ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, ஊரார் விருந்துண்டு மகிழ்ந்திருக்கையில், ஆய்வுகூடத்திலே தமது சோதனையின் விளைவைப் பார்க்கச் சென்ற அந்த மாணவியின் கண்ணுக்கு அது புலப்பட்டது. இன்று அந்நொதியத்தின் பெயர் ரெலோமரேஸ். பிளாக்பேர்ண், கிறைடர், சொஸ்ராக் ஆகிய மூவருக்கும் 2009இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மதுவத்திலே ரெலோமரேஸ் இல்லாவிடின் நேர்வது யாது? 1989இல் விக்கி லண்ட்பிளாட் அம்மையாரும் சொஸ்ராக்கும் அதனைக் கண்டறிந்தனர். எஸ்ற்-1 என்னும் ஒரு பரம்பரையலகு பழுதான மதுவம் முதலில் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அதன் முனைகள் தலைமுறைக்கு மூன்று முதல் ஐந்து எழுத்துக்கள்வரை குறுகிக்கொண்டே வந்தன. பல பத்துத் தலைமுறைகளின் பின்னர் கலங்கள் தளர்ந்து பிரிய மறுத்து மடியலாயின. முதுமையென்று சொல்லத்தக்க ஒன்றை, அதுவரை முதுமையறியாது பெருகிவந்த மதுவக் குலத்திலே மனிதர் உண்டாக்கிவிட்டனர். மிகச் சில கலங்கள் மட்டும், ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்கு எழுத்துக்களைப் பிரதிபண்ணும் வேறொரு வழியைக் கைக்கொண்டு உயிர் தப்பின.

காவலரே கதவு திறப்போர்

மதுவத்தின் முனை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 எழுத்துச் சோடிகள் நீளமானது. அதன் கடைக்கோடியில் ஓர் இழை மட்டும் மற்றதைக் கடந்து பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சேலை முந்தானையில் தொங்கும் குஞ்சம்போன்ற இவ்வொற்றை இழைதான் மிகவும் ஆபத்தான இடம். அதனைப் பற்றிக்கொண்டிருக்கும் புரதத்தின் பெயர் சீ.டீ.சீ.-13.

இப்புரதம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு சுவையானது. 1960களின் பிற்பகுதியிலிருந்து சியாற்றில் நகரத்துச் சர்வகலாசாலையிலே லீலண்ட் ஹார்ட்வெல் என்பவர், வெப்பம் கூடியவுடன் பிரிவதை நிறுத்திவிடும் மதுவ விகாரிகளைத் தேடிச் சேர்த்து இலக்கமிட்டு வைத்திருந்தார். அவற்றுள் 13ஆம் இலக்கமுடையது குளிர்ந்த இடத்திலே இயல்பாக வளரும். 36 பாகை வெப்பத்துக்குக் கொண்டுசென்றால் பாதி வழியில் நின்றுவிடும். ஏன் நிற்கிறதென்பது பல்லாண்டுகளாகப் புதிராயிருந்தது. 1995இல் ஹார்ட்வெல்லின் குழுவினரே அதனை விடுவித்தனர். வெப்பத்திலே சீ.டீ.சீ.-13 செயலிழந்ததும், நுனியிலிருந்து ஓரிழை உள்நோக்கி அரிக்கப்பட்டு வந்தது. காவலன் விழுந்தவுடன் கறையான் புகுந்த கதைதான். நூல் பழுதடைந்ததென்று உணர்ந்த கலம் அபாயமணி அடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டது.

இதற்கிடையில் லண்ட்பிளாட் அம்மையாரின் குழுவினர் முற்றிலும் வேறான பாதையில் வந்துகொண்டிருந்தனர். முனை நாளுக்குநாள் குறுகி முதுமையடையும் மதுவ விகாரிகளை அவர்கள் தேடினர். அவர்களுக்கு அகப்பட்ட நான்காவது பரம்பரையலகை ஆராய்ந்தபோது, 1996இல், பெரும் வியப்புக் காத்திருந்தது. அது வேறொன்றன்று, ஹார்ட்வெல்லின் பழைய 13ஆம் இலக்கமே! ஆனால் பழுது வேறிடத்திலே. இந்த விகாரியில் நுனி அரிக்கப்படவில்லை. காவல் குறைவின்றி நடந்தது. ரெலோமரேஸும் கலத்தினுள்ளே இருந்தது. ஆயினும் நுனிக்கு வந்து தன் பணியைச் செய்ய அதனை அழைப்பாரில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? ஒரே புரதம் இரு தொழில் புரிகிறது. அரிப்பாரை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுவே. நீட்டுவாரை அழைத்து வருவதும் அதுவே. 1999இல் சீ.டீ.சீ.-13ஐயும் ரெலோமரேஸையும் பிரியாதவாறு ஒட்டிவைத்துப் பார்த்தபோது முனைகள் மட்டுமீறி நீண்டன. வேலை முடிந்ததும் வெளியே செல்லவேண்டிய தொழிலாளி வீட்டோடு தங்கிவிட்டதன் பயன் அது. இயல்பான கலத்தில் ஸ்ரென்-1, ரென்-1 என்னும் இரு துணைப் புரதங்கள் சீ.டீ.சீ.-13உடன் சேர்ந்து நின்று, நீட்டியது போதுமென்று ரெலோமரேஸை நிறுத்தி, எதிர் இழையை நிரப்பும் நொதியத்தை வரவழைக்கின்றன.

இன்னொரு விந்தையையும் கேளுங்கள். அறுந்த நூலை ஒட்டும் பையன் என்று மேலே கூறினேனல்லவா? அப்பணியில் முதன்மையானது கூ என்னும் புரதச் சோடி. 1996இல் மதுவத்தை ஆராய்ந்தவர்கள், கூ இல்லாத மதுவத்திலே முனைகள் வெகுவாகக் குறுகிவிட்டதைக் கண்டனர். கயிற்றை முடிகின்ற அதே பையனையே கயிற்றின் நுனிக்குக் காவலாகவும் கலம் அமர்த்தியிருக்கிறது! பக்கத்திலே வேறு காவலர் இருப்பதனால் அவன் முடிவதில்லை, காக்கிறான்.

பந்தியில் அமர்ந்தோரை எண்ணும் கணக்கு

அந்த வேறு காவலருள் தலையாயது ராப்-1 என்னும் புரதம். ஒற்றை இழைக்கு உட்புறமாகவுள்ள இரட்டை இழைப் பகுதியிலே, ஏறக்குறைய 18 எழுத்துக்களுக்கு ஒன்றாக, ராப்-1 புரதங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ஒரு முனையில் பதினைந்து முதல் இருபதுவரை இருக்கலாம். 2005இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் ராப்-1 புரதத்தை மதுவத்திலே குறையச் செய்தபோது, முல்லரும் மக்ளின்ரொக்கும் அஞ்சிய அதே காரியம் நிகழ்ந்தது. முனையோடு முனை ஒட்டிக்கொண்டது.

ராப்-1 காவல் மட்டுமன்றிக் கணக்கும் பார்க்கிறது. முனை எவ்வளவு நீளமாயிருத்தல் வேண்டுமென்று கலத்துக்கு யார் சொல்வது? அளவுகோல் எங்கேயுள்ளது? ஸ்ரெபான் மார்கண், எரிக் கில்சன், டேவிட் ஷோர் ஆகிய மூவரும் 1997இல் எளிமையான ஒரு சோதனையால் இதற்கு விடை கண்டனர். முனைக்கு அருகே, ராப்-1இன் வாற்பகுதி சில வந்து அமருமாறு செயற்கையாக இடம் அமைத்தனர். எத்தனை வாற்பகுதிகள் அங்கே கூடுதலாக அமர்ந்தனவோ, அதற்கேற்ப உண்மையான முனை குறுகிற்று. கலம் எழுத்துக்களை அளக்கவில்லை. அமர்ந்திருக்கும் புரதங்களையே எண்ணுகிறது என்பது அதனால் விளங்கிற்று.

கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். மண்டபத்தின் நீளத்தை எவரும் முழக்கோல் கொண்டு அளப்பதில்லை. இலைக்கு முன் அமர்ந்தவர்களை எண்ணி, பந்தி நிறைந்ததென்றால் வாசலில் நிற்பவர் கையை அசைத்து மேலும் வருவாரை நிறுத்திவிடுகிறார். ராப்-1இன் வாலைப் பற்றிக்கொண்டு நிற்கும் ரிப்-1, ரிப்-2 என்னும் புரதங்களே இங்கு வாசலில் நிற்போர். பந்தி நிறைந்தால் ரெலோமரேஸுக்கு இடமில்லை. முனை தேய்ந்து பந்தியில் சிலர் குறைந்தால் கை தளர்கிறது. ரெலோமரேஸ் உள்ளே வருகிறது. ரிப்-1, ரிப்-2 இரண்டையும் நீக்கிவிட்டால் தடுப்பாரின்றி முனை வெகுநீளம் வளர்ந்துவிடுகிறது.

2004இல் சுவிற்சர்லாந்திலே செய்யப்பட்ட ஆராய்ச்சி இக்கணக்கை மேலும் தெளிவுபடுத்திற்று. ரெலோமரேஸ் ஒவ்வொரு பிரிவின்போதும் எல்லா முனைகளையும் நீட்டுவதில்லை. 300 எழுத்துக்களுள்ள முனைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே ஒரு சுற்றில் நீட்டப்படுகின்றன. 100 எழுத்துக்களாகக் குறுகிய முனைகளிலோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை நீட்டப்படுகின்றன. வறியவருக்கு முதலில் வழங்கும் நல்ல பங்கீடு இது.

மதுவத்திலிருந்து மனிதனுக்கு

நம் கலங்களிலும் இதே ஏற்பாடு, சில மாற்றங்களுடன், உண்டு. மனிதனின் முனையைக் காக்கும் ஆறு புரதங்களின் கூட்டத்திலே மதுவத்து ராப்-1இன் உறவினனான புரதமொன்று இருப்பது 2000இல் அறியப்பட்டது. ஸ்ரென்-1, ரென்-1 ஆகியவற்றின் உறவினரும் நம்மிடம் உளர். மாவைப் பொங்கவைக்கும் மதுவத்தையும் அதனைப் பிசையும் கையையும் ஒரே குலத்துக் காவலர் காத்து நிற்கின்றனர் என்றால் அது மிகையாகாது.

ஒரு முக்கிய வேற்றுமை மட்டும் உண்டு. மதுவத்திலே ரெலோமரேஸ் எக்காலமும் வேலை செய்கிறது. நம் உடலின் பெரும்பாலான கலங்களிலோ அது ஏறக்குறைய அடங்கிக் கிடக்கிறது. ஆகவே முனைகள் சிறுகச் சிறுகத் தேய்கின்றன. மனிதக் கலங்களை வெளியே வளர்த்தால் அவை குறிப்பிட்ட சில தடவைகளே பிரியும் என்று லெனாட் ஹேபிளிக் 1961இல் கண்டதற்குக் காரணம் இதுவே.

இவ்விடத்திலேதான் வியாபாரிகள் புகுகிறார்கள். "முனை தேய்ந்தால் முதுமை, முனையை நீட்டினால் இளமை" என்பது அவர்தம் விளம்பரம். முனையின் நீளத்தை அளந்து உங்கள் உண்மை வயதைக் கூறுவோம் என்பாரும், முனையை நீட்டும் மாத்திரை இதோ என்பாரும் இன்று பல நாடுகளிலும் உளர். அவர்கள் கூறுவதிலே பாதி உண்மை உண்டு. ஆபத்து மற்றப் பாதியில் இருக்கிறது.

முனை மிகக் குறுகிவிடுதல் தீங்கு என்பது மெய்யே. ரெலோமரேஸ் பரம்பரையாகப் பழுதடைந்த குடும்பங்களிலே எலும்பு மச்சை வற்றி இரத்தம் ஊறாமற்போகும் கொடிய நோய் காணப்படுகிறது. சுவாசப்பை தடித்து இறுகும் நோயும் அவ்வாறே. இது ஒரு கரை.

மறு கரையையும் பார்க்கவேண்டும். 1994இல் பலவகைப் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்தபோது, பத்தில் எட்டு ஒன்பது பங்குக் கட்டிகளிலே ரெலோமரேஸ் விழித்தெழுந்து வேலை செய்வது தெரிந்தது. எஞ்சியவற்றுட் பல, உயிர் தப்பிய அந்த மதுவக் கலங்களைப்போல, முனைக்கு முனை பிரதிபண்ணும் வழியை மேற்கொண்டிருந்தன. எல்லையின்றிப் பெருக விரும்பும் புற்றுநோய்க் கலம் முதலில் தேடுவது முனையை நீட்டும் வழியையே. 2014இல் இன்னுமொரு செய்தி வந்தது. முனையைக் காக்கும் புரதங்களுள் ஒன்று பழுதாகி, பிறப்பிலிருந்தே நீண்ட முனைகளைப் பெற்றிருந்த சில குடும்பங்களிலே தோற் புற்றுநோய் தலைமுறைதோறும் தோன்றியிருந்தது. நீண்ட முனை அவர்களுக்கு நீண்ட ஆயுளைத் தரவில்லை.

நம் உடல் ரெலோமரேஸை அடக்கிவைத்திருப்பது மறதியாலன்று. கட்டுக்கடங்காது பெருகத் தொடங்கும் ஒரு கலத்தைக் களைப்படையச் செய்யும் கடைசித் தடையாக அது பயன்படுகிறது. அத்தடையை விலைகொடுத்து வாங்கிய மாத்திரையொன்றால் நீக்கிக்கொள்ள முயல்வது, வேலியிலே மாடு உராய்கிறதென்று வேலியையே பிடுங்குவது போன்றதாகும். வைத்தியர் ஒருவர் பரம்பரை நோய்க்காக முனையை அளக்கச் சொல்வது வேறு. கடைக்காரர் இளமைக்காக அளக்கச் சொல்வது வேறு. இவ்விரண்டையும் நம் வீட்டிலுள்ளோர் வேறுபடுத்தி அறிந்திருத்தல் நன்று. வயது முதிர்ந்த பெற்றோரின் சேமிப்பையே இத்தகைய விளம்பரங்கள் பெரிதும் குறிபார்க்கின்றன என்பதையும் பிள்ளைகள் மறத்தலாகாது.

மதுவம் நமக்குக் கற்பிக்கும் பாடம் நீளம் அன்று, அளவு. அதன் காவலர் நுனியை மறைத்து நிற்கின்றனர், ஆயினும் அடைத்துவிடுவதில்லை. நீட்டுவானை அழைக்கின்றனர், ஆயினும் தங்கவிடுவதில்லை. குறைந்ததற்கு நிரப்பி, நிறைந்ததற்கு நிறுத்தி, ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டே தலைமுறைக்குப் பின் தலைமுறையாக நூலைக் காத்து வருகின்றனர்.

அடுத்தமுறை அப்பத்துக்கு மாக் கரைத்து மூடிவைக்கையில் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உறங்கச் சென்ற பின்னர் அந்தச் சட்டிக்குள்ளே கோடிக்கணக்கான கலங்கள் பிரிந்து பெருகும். ஒவ்வொரு கலத்திலும் ஒவ்வொரு நுனியிலும் காவலர் விழித்திருப்பர். விடியும்போது மா பொங்கியிருக்குமானால், அவர்கள் கணக்குத் தவறவில்லையென்று அறிந்துகொள்ளலாம்.